உள் துளை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவருக்கு மெஷினக்கா என்றுதான் பெயர். வேலைக்குச் சேர்ந்தது தைப்பதற்கு. மெஷின் நின்றுபோனால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் எழுந்துபோய், ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக்கின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

"தள்ளிப் போம்மா, வெளிச்சத்தை மறைக்கிறே" என்று மெக்கானிக் விரட்டுவார். இவர் வெளிச்சம் மறையாத பக்கமாகப் போய் நின்றுகொள்வார்.

அந்த மெக்கானிக் வேறு ஆலைக்குப் போனபோது கருவிப் பெட்டி அப்படியே கிடந்தது. ஓர் ஓவர்லாக் மெஷின் நூலைக் கடித்துத் துப்ப ஆரம்பித்தது. மெஷினக்கா பெட்டியைத் திறந்தார். அன்றிலிருந்து பெட்டி அவருடையது. நியமனம் என்று தனியாக எதுவும் நடக்கவில்லை.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஸ்பேனரை எடுக்குமுன் பாகங்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்பார். எங்கே ஆட்டம் கொடுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கழற்றுவார். ஒரு திருகைத் திருகினால் மெஷினை ஓட்டிப் பார்ப்பார், அதற்குப் பிறகே அடுத்த திருகு. இரண்டையும் சேர்த்துத் திருகிவிட்டால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று கடவுளுக்கும் தெரியாது என்பார்.

கணவருக்குப் பெயிண்ட் கடையில் வேலை. சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த சில்லு ஒன்றைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கலந்து கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் எதற்கும் "உன் இஷ்டம்" என்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அவராக ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான், ரிமோட்டில் இயங்கும் ஒரு ஹெலிகாப்டர். கை நீளம் இருக்கும். யாரோ வாங்கி, உடைத்து, சலித்துப்போய் விற்றது. வாங்கி வந்த முதல் வாரத்திலேயே அவரும் உடைத்தார். மெஷினக்கா அதைச் சமையலறை மேசையில் பரப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு? எல்லாம் கம்பியும் மூட்டும்தானே," என்றார்.

அப்படித்தான் அந்த வீட்டில் வேலை பிரிந்தது. பறக்கவிடுவது அவர், பழுது பார்ப்பது இவர். வங்கியில் வேலை பார்க்கும் மகள் அவ்வப்போது சொல்வாள்: "அம்மா, எனக்கு ஜுரம்னாகூட நீ இவ்வளவு உன்னிப்பாப் பாத்ததில்ல."

அந்த ஹெலிகாப்டரில் தீப்பெட்டி அளவில் சர்வோ என்ற சிறு மோட்டார்கள் உண்டு. ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு பிளாஸ்டிக் பட்டை. பட்டையில் வரிசையாக மூன்று துளைகள். ஏதாவது ஒரு துளையில் மிளகு அளவு எஃகுக் குண்டு ஒன்றைத் திருகியிருப்பார்கள். கம்பியின் நுனியிலுள்ள பிளாஸ்டிக் கிண்ணம் அந்தக் குண்டின் மேல் அழுந்தி உட்காரும். கம்பியின் மறுமுனை இறக்கைகளுக்கு அடியிலுள்ள தட்டைத் தள்ளும். தட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் போகும். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். வலது குச்சி தட்டைச் சாய்க்கும். இடது குச்சி ஏற்றி இறக்கும், வாலைத் திருப்பும். அது பழைய மாடல் என்பதால் சாய்ப்பதற்கு இரண்டு சர்வோக்கள், ஏற்றி இறக்க வேறொன்று.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், லாரிகள் நிற்பதை நிறுத்திவிட்ட ஒரு சிமென்ட் திடலுக்கு இருவரும் போவார்கள். விமானமும் ஹெலிகாப்டரும் பறக்கவிடும் சிலர் அங்கே கூடுவார்கள். நாற்காலியின் இருக்கையைவிடக் கொஞ்சமே பெரிய பலகை ஒன்றைக் கணவர் தரையில் போடுவார். பறந்து திரிந்த ஹெலிகாப்டரை அதன்மேல் கொண்டுவந்து, சத்தமே இல்லாமல் உட்கார வைப்பார். அந்த நேரத்தில் மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். கடையிலோ, தெருவிலோ, உறவுக்காரர்கள் வீட்டிலோ அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மெஷினக்காவுக்கு அது தெரியும்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில், சாய்க்கும் சர்வோக்களின் கிண்ணங்கள் தளர்ந்திருப்பதைக் கவனித்தார். மாற்றினார். சில வாரங்களில் மறுபடியும் தளர்ந்தன. ஏற்றி இறக்கும் சர்வோவின் கிண்ணமோ புதிதுபோல் இறுக்கமாக இருந்தது. காற்றோ தூசியோ காரணமென்றால் எல்லாம் சேர்ந்து தேய வேண்டும். வலது குச்சிக்கு உரியவை மட்டும் தேய்ந்தன. யாரோ அந்தக் குச்சியை ஓயாமல், பொடிப்பொடியாக அசைத்துக்கொண்டே இருந்தால்தான் அப்படித் தேயும்.

அதன் பிறகுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. கணவர் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்தார். சாவியை இடது கையால் போட்டார். சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போடாமல் மடித்துவிட்டுக்கொண்டார்.

மெஷினக்கா கேட்கவில்லை. கேட்டால் கணவர் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த "ஒண்ணுமில்ல"வைச் சொன்ன பிறகு ஹெலிகாப்டரைப் பரணில் வைத்துவிடுவார். அவர் தொடர்ந்து பறக்கவிட வேண்டும், மெஷினக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு ஒரு வழி அந்தப் பட்டையிலேயே இருந்தது.

குண்டு வெளித் துளையில் இருந்தால் சர்வோ கொஞ்சம் திரும்பினாலும் கம்பி நிறைய நகரும். உள் துளைக்குக் கொண்டுவந்தால் அதே திருப்பத்துக்குக் கம்பி குறைவாக நகரும். குச்சியில் உள்ள நடுக்கம் தட்டுக்குப் போய்ச் சேரும்போது குறைந்துவிடும். கணவர் கடையில் இருந்த ஒரு மாலை, இரண்டு சர்வோக்களிலும் குண்டை உள் துளைக்கு மாற்றினார். திருகு அதிர்வில் கழலாமல் இருக்க நுனியில் ஒரு சொட்டுப் பசை தொட்டு வைத்தார். பட்டைக்கும் கம்பிக்கும் நடுவில் செங்கோணம் வரும்வரை கிண்ணத்தை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்தார். சுத்தமான வேலை. சொல்லாமல் செய்தது ஒன்றுதான் குறை.

அடுத்த ஞாயிறு கணவர் சொன்னார்: "இன்னைக்கு வெண்ணெய் மாதிரி போகுது."

"கிண்ணம் மாத்தினேன்," என்றார் மெஷினக்கா.

அந்தத் திடலில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய முதல் பறப்புக்கு முன் ஓட்டுபவர் குச்சிகளை நாலா பக்கமும் கடைசிவரை தள்ளிக் காட்ட வேண்டும். இன்னொருவர் குனிந்து தட்டு எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து "சரி" சொல்ல வேண்டும். கணவருக்கு எப்போதும் "சரி" சொல்பவர் மெஷினக்காதான். அன்று பறக்கவிடும் முன் பார்த்தபோதே தட்டு மெஷினக்கா போட்ட கணக்கைவிடவும் குறைவாகச் சாய்ந்தது. துளைகளின் இடைவெளிப்படி மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். பார்த்தால் பாதிதான் இருந்தது. தொழிற்சாலையாக இருந்தால் அந்த மெஷினை ஓடவே விட்டிருக்கமாட்டார். ஆனால் ஏன் என்று கேட்டால், தான் செய்ததையும் சொல்ல வேண்டிவரும். "சரி" என்றார். தட்டைக் கணவரும் பார்த்தார். அவரும் எதுவும் சொல்லவில்லை.

காற்றில்லாத ஞாயிறுகளில் வெண்ணெயாகவே போனது. பிறகு ஒரு நாள், திடலை ஒட்டிய கிடங்கின் பக்கத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே ஹெலிகாப்டர் நின்றிருந்தபோது காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. அது சுவரை நோக்கி நகர்ந்தது. கணவர் குச்சியைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தார். ஹெலிகாப்டர் கொஞ்சம் சாய்ந்தது, அதற்குமேல் சாயவில்லை. பக்கவாட்டிலேயே நகர்ந்துபோய்ச் சுவரில் மோதி, தகர டப்பாவை எட்டி உதைத்தது போன்ற சத்தத்தோடு விழுந்தது.

மருந்துக்கடைக்காரர் முதலில் ஓடினார். திடலில் வாய் ஓயாதவர் அவர்தான். "பேட்டரி போயிடுச்சா அண்ணே?"

"பேட்டரி இருக்கு. முழுசா இழுத்தேன். வரல."

"சிக்னலா இருக்கும். பக்கத்துல புதுசா டவர் வெச்சிருக்கான் பாருங்க."

மெஷினக்கா துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டார். டவர் இருந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் மேசைமேல் செய்தித்தாளை விரித்து, துண்டுகளைக் கொட்டினார்கள். இறக்கைகள் இரண்டும் போயிருந்தன. வால் குழாய் வளைந்திருந்தது. சர்வோக்கள் தப்பியிருந்தன. கணவர் ஒன்றைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏன் உள் துளையில இருக்கு?"

"நான்தான் மாத்தினேன்."

"எப்போ?"

"மழைக்கு அப்புறம்."

"ஏன்?"

"வலது குச்சிக்கான கிண்ணம் மட்டும் தேஞ்சுக்கிட்டே இருந்துதுங்க. மத்தது தேயல."

கணவர் சர்வோவைக் கீழே வைத்தார். கையை மேசைக்கு அடியில் கொண்டுபோகப் பார்த்து, பிறகு மேசைமேலேயே விட்டுவிட்டார். ரிமோட்டை எடுத்து, அதன் சிறு திரையை ஒளிரவைத்து மனைவியின் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாரு."

வலது குச்சியின் வீச்சு நூற்றுக்கு எழுபத்தைந்து என்று இருந்தது. குச்சியைக் கடைசிவரை தள்ளினாலும் சர்வோ முக்கால் தூரம்தான் திரும்பும்.

"இதை யாரு குறைச்சா?" என்றார் மெஷினக்கா.

"நான்தான். குச்சி நடுவுல இருக்கறப்ப மட்டும் மந்தமாக்கற வசதி ஒண்ணு இருக்கு, அதை முதல்ல முழுசாக் கூட்டிப் பாத்தேன். பத்தல. அப்புறம் இதுல கை வெச்சேன். வெண்ணெய் மாதிரி போகுதுன்னு சொன்னேனே, அந்த வாரம்."

"அது நான் துளையை மாத்தினதால போச்சு."

"நான் நம்பரைக் குறைச்சதாலன்னு நினைச்சேன்."

"தட்டு பாதிதான் சாஞ்சுது. நான் பாத்தேன்."

"நானும்தான் பாத்தேன்."

அடுப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மகள் குழாயை மூடினாள். "ஒரே வீட்டுல, ஒரே வாரத்துல, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர். பத்துப் பொருத்தம் பாத்தாக்கூட இப்படி அமையாது."

"நீ தண்ணியைப் புடி," என்றார் மெஷினக்கா.

"ரெண்டு பேரும் வாயைத் திறந்திருந்தா ஒரு ஹெலிகாப்டர் மிஞ்சியிருக்கும். அவ்வளவுதான் சொல்றேன்." அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மெஷினக்கா ஒரு சர்வோவைப் பேட்டரியுடன் இணைத்தார். வீச்சை நூறாக்கச் சொன்னார். குண்டை வெளித் துளைக்கு மாற்றி, கம்பியை மாட்டி, குச்சியின் மேல் கட்டைவிரலைச் சும்மா வைக்கச் சொன்னார். கணவர் வைத்தார். கம்பியின் நுனி ஊசி போல நடுங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உள் துளையில் போட்டுக் காட்டினார். நடுக்கம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. குச்சியைத் தள்ளச் சொன்னார். கம்பி கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

"ஆடாம, காத்துலயும் திரும்பற மாதிரி ஒரு துளை போட முடியாதா?" என்று கணவர் கேட்டார்.

"அப்படி ஒண்ணு இருந்தா நான் எப்பவோ போட்டிருக்க மாட்டேனா?"

"நடுத் துளை?"

"கொஞ்சம் ஆடும். கொஞ்சம் திரும்பும். பெரிய காத்துல நம்ப முடியாது."

கணவர் யோசித்தார். தெருவில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனபின் சொன்னார்:

"வெளியில போடு."

"ஆட்டம் கீழேருந்து பாத்தாலே தெரியுங்க. எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். திரும்பாத வண்டியை நான் ஓட்டமாட்டேன். அன்னைக்கு மருந்துக்கடைக்காரன் அந்தச் சுவர் ஓரமாத்தான் உக்காந்திருந்தான், அரை நிமிஷம் முன்னால."

மெஷினக்கா குண்டை உள் துளையிலிருந்து கழற்றினார். பட்டையை இடுக்கியில் பிடித்துக் கொடுத்தார். திருகைத் தானே போடுவதாகக் கணவர் சொன்னார். திருப்புளி நழுவிக்கொண்டே இருந்தது. திருகு இரண்டொரு தடவை மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. மெஷினக்கா ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கடைசியில் திருகு ஏறியது.

இறக்கையும் வால் குழாயும் வந்துசேரச் சில வாரங்கள் ஆயின. மறுபடியும் திடலுக்குப் போனபோது மெஷினக்கா வழக்கம்போல் தாங்கள் வந்த வண்டியிலிருந்து பலகையை எடுக்கப்போனார். "அது வண்டியிலேயே இருக்கட்டும்," என்றார் கணவர். குச்சிகளை நாலா பக்கமும் தள்ளிக் காட்டினார். மெஷினக்கா முழங்காலிட்டுப் பார்த்தார்.

"முழுசாச் சாயுது. வெளித் துளை, நூறு வீச்சு," என்று மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகுதான் "சரி" என்றார்.

ஹெலிகாப்டர் எழுந்தது. தலைக்கு மேலே நின்றபோது அதன் மூக்கு ஓயாமல் விதிர்விதிர்த்தது. பேசிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு குறைந்தது. மருந்துக்கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னண்ணே, அதுக்குக் குளிருதா?"

கணவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கை ஆடுது."

மருந்துக்கடைக்காரரிடம் தயாராக இருந்த அடுத்த கிண்டல் வெளியே வரவில்லை. காற்று கிளம்பி ஹெலிகாப்டரைக் கிடங்கின் பக்கமாக ஒதுக்கியது. கணவர் குச்சியை இழுத்தார். அது நன்றாகச் சாய்ந்து, நடுங்கிக்கொண்டே திரும்பி, திடலின் நடுவுக்கு வந்தது.

"எவ்வளவு நாளா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மழைக்கு முன்னாடிலேருந்து."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்ல."

"செவ்வாக்கிழமை என் கடை மாடிக்கு நரம்பு டாக்டர் வராரு. கூட்டம் அள்ளும். நான் முன்கூட்டியே டோக்கன் போட்டு வெச்சிடறேன். போடவா?"

கணவர் ஹெலிகாப்டரை ஒரு சுற்றுச் சுற்றவிட்டுக் காற்றுக்கு எதிராக நிறுத்தினார். மெஷினக்கா அவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

"போடு," என்றார் கணவர். "என் பேர்ல போடு. ஹெலிகாப்டர் பேர்ல போட்டுடாதே."

"அதுக்குத் தனியா ஃபீஸ் கேப்பாருண்ணே."

பேட்டரியில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது. கணவர் இறக்கவில்லை.