எங்கட மோட்டர் கேஸ் முடிஞ்சுது

வெங்காயத் தோட்டத்துத் தண்ணி மோட்டரைக் களவெடுத்தவன் மறுநாளே பிடிபட்டான். பிறகு மூணு வருசமாக் கோட்டில தவணை, தவணை, தவணை. கேஸ் முடியும்வரைக்கும் மோட்டர் சான்றுப் பொருளாம், தர மாட்டாங்களாம்.

இண்டைக்குக் கோட்டில குற்றத்தை ஒத்துக்கொண்டான். தண்டனையை ஒத்திவச்சு, ஜெயிலில போடாம அவனை வீட்ட அனுப்பிட்டாங்க. அஞ்சு நிமிசக் கதை.

மோட்டரை எடுக்கப் பொலிசுக்குப் போனன். பின்பக்கத்து முத்தத்தில, மூணு மாரி மழையும் குடிச்சுத் துருவாக் கிடக்குது. அதில கட்டின கேஸ் நம்பர் அட்டைக்கு மட்டும் வடிவாப் பொலித்தீன் சுத்தியிருக்கிறாங்க!

தூக்கிக்கொண்டு பஸ்ஸில ஏறினா, பக்கத்து சீட்டில அதே கள்ளன். மோட்டரைப் பாத்து அவனுக்கே பொறுக்கல்ல.

"நானா," எண்டு கூப்பிட்டுச் சொன்னான், "என்னட்ட ஒரு நாள்தான் இருந்துது. அப்பவும் சாக்குப் போட்டு மூடித்தான் வச்சிருந்தன்."

ஓம், இந்தக் கேஸில என்ட சாமானைப் பத்திரமாப் பாத்தது அவன் ஒருத்தன்தான்.

உங்கட சாமானெல்லாம் எந்த முத்தத்தில நனையுது?