ஜாடியில் குறைந்த துண்டு

உடைந்த பீங்கானை ஒட்டுவதுதான் அவள் பிழைப்பு. தெருவே அவளை ஒட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிடும். பழைய சீன நீல வெள்ளைப் பீங்கான் எது உடைந்தாலும் அவள் மேசைக்கு வந்து சேரும். வௌவால் படம் போட்டிருந்தால் அதிர்ஷ்டம், பீச் பழம் இருந்தால் நீண்ட ஆயுள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வாள். எப்படி உடைந்தது என்று மட்டும் கேட்கவே மாட்டாள். கை தவறியதா, வீசி எறிந்ததா என்று விரிசலே அவளுக்குச் சொல்லிவிடும். அடுத்தவர் வீட்டு வம்பு நமக்கெதற்கு என்று இருபத்தாறு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள்.

ஒரே மகளின் கல்யாணத்துக்கு அவள் கொடுத்தது ஒரு மூடி போட்ட ஜாடி. அதன் வயிற்றில் ஒரே சீன எழுத்து இரண்டு முறை, தோளோடு தோள் ஒட்டி நிற்கும். தம்பதிக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி என்று அர்த்தம்.

கல்யாணமான ஏழாம் மாதம் மாப்பிள்ளை அதை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தார்.

"அலமாரியில இருந்து விழுந்திருச்சு அத்தை."

விழுந்த ஜாடி அடியிலோ வாயிலோ அடிபடும். இது நடுவயிற்றில் அடிபட்டிருந்தது. வீசி எறிந்தது என்று பார்த்ததுமே ஒட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன செய்தாள் என்கிறீர்கள்? சண்டை வராத வீடு உண்டா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு கோடுகூடத் தெரியாமல் ஒட்டிக் கொடுத்தாள்.

"தங்கமான கை அத்தை உங்களுக்கு" என்றார் மாப்பிள்ளை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் கைக்கு அன்றைக்கே சூடு போட்டிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் மறுபடியும் பெட்டி வந்தது. இந்தத் தடவை ஜோடி எழுத்தில் ஒரு பாதியைக் காணோம்.

"அது தூளாப் போச்சு அத்தை. நீங்களே வரைஞ்சு சேர்த்துருங்க, உங்களுக்குத் தெரியாததா? எங்க வீட்டு ஆளுங்க வராங்க. ஜாடி எங்கன்னு கேப்பாங்க."

"அவ எங்க மாப்பிள்ளை? போன் போட்டா எடுக்கறதே இல்லையே."

"தூங்கறா. கொஞ்சம் அசதி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒட்டுக்காரம்மா பீங்கான் மாவு பிசைந்து ஓட்டையை அடைத்தாள். காயவைத்துத் தேய்த்தாள். பழைய நீலத்துக்கு ஈடாக நீலம் கலக்கவே மூன்று நாள் ஆனது. தினமும் மகளுக்கு போன் செய்தாள். தினமும் மாப்பிள்ளைதான் எடுத்தார். மகள் தினமும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை, கடைசிக் கோட்டை இழுக்கத் தூரிகையை எடுத்தவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அடைப்பதற்கு முன்னால் அந்த ஓட்டையின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்ததே! தூளாகப் போயிருந்தால் ஓரமும் அல்லவா பொடிந்திருக்கும்? அந்தத் துண்டு முழுசாகத்தான் பெயர்ந்திருக்கிறது. யாரோ எடுத்து ஒளித்திருக்கிறார்கள். துண்டு ஒன்று குறைந்தால் ஒட்டுக்காரம்மா வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடுவாள் என்று கூடவே வளர்ந்த ஒருத்திக்குத்தான் தெரியும்.

தூரிகையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

மகள் வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கும் நேரம். பின்பக்க ஜன்னலில் நின்று தொண்டை வற்றக் கூப்பிட்ட பிறகு மகள் மெல்ல வந்தாள். ஒரு கண் திறக்கவில்லை. வலது கை துணியில் கட்டித் தொங்கியது. இடது கையில் அந்தத் துண்டு.

"பூட்டை உடைம்மா. சாப்பாட்டுக்கு வந்துருவாரு."

கிடைத்த கல்லை எடுத்துப் பூட்டை அடித்து நொறுக்கினாள். மகளைத் தோளில் தாங்கித் தெருமுனைவரை நடத்தி, ஒரு வாடகை வண்டியை மறித்து ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.

"பெட்டி வந்த அன்னிக்கே நீ வந்துருவேன்னு நினைச்சேம்மா" என்றாள் மகள். "இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்த?"

ஒட்டுக்காரம்மாவுக்குப் பொய் வரவில்லை.

"அந்த ஜாடியைத்தான் ஒட்டிக்கிட்டு இருந்தேன்டி."

மகள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.