பூனையின் கட்டை விரல்

உயரத்திலிருந்து விழுகிறவன் விழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது. மூச்செல்லாம் அப்புறம் விட்டுக்கொள்ளலாம். சினிமாவில் சண்டைக் காட்சிகளுக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரியும். கேமரா தூரத்தில் இருக்கும். ஆள் அட்டைப் பெட்டிக் குவியலுக்குள் புதைந்து கிடப்பான், கத்தினாலும் கேட்காது. அதனால் ஒரு கை மட்டும் மேலே வரும். அதில் கட்டை விரல் நிமிர்ந்திருந்தால் எல்லோரும் கை தட்டிவிட்டு, அடுத்த ஷாட்டுக்கு விளக்குகளை நகர்த்தப் போய்விடுவார்கள். விரல் காட்டியவனிடம் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பது மரியாதை இல்லை.

பூனை இருபத்தாறு வருடமாக இந்த விரலைத் தூக்கிக்கொண்டிருந்தான். எங்கிருந்து தள்ளிவிட்டாலும் காலில் வந்து நிற்கிறான் என்று யாரோ ஒரு சண்டை மாஸ்டர் வைத்த பெயர் அது. அந்த மாஸ்டர் இவனுடைய எக்ஸ்ரே படங்களைப் பார்த்ததில்லை. பீரோவுக்குப் பின்னால் ஒரு பெரிய உறையில் அவை கிடந்தன: காறை எலும்பு இரண்டு தடவை, விலாவில் மூன்று, இடது குதிகால், முழங்காலில் இரண்டு திருகு. மகள் சின்னவளாக இருந்தபோது சூரிய கிரகணத்தை அப்பாவின் விலா எலும்பு வழியாகத்தான் பார்த்தாள். தெருப் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கிப் பார்த்தார்கள். அன்றைக்கெல்லாம் பூனைக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டிலும் அதே விரல்தான். சாப்பாடு எப்படி என்றால் விரல். காய்ச்சல் விட்டுவிட்டதா என்றால் விரல். இப்போது பதினாலு வயதாகும் மகள், "அவர்கிட்ட போய்க் கேக்கிறியேம்மா, அப்பா செத்தாக்கூட விரலைத்தான் காட்டுவார்" என்று கேலி செய்வாள். அவளுடைய அம்மா மட்டும் அதற்குச் சிரிக்க மாட்டாள்.

பூனைக்குப் பயமே கிடையாது என்று வெளியில் பேர். சுத்தப் பொய். விழ வேண்டிய நாள் என்றால் காலையிலிருந்தே அவனுக்குப் பயம். தண்ணீர் இறங்கும், சோறு இறங்காது. விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். மறுநாள் காலைதான் பசி என்று ஒன்று எட்டிப் பார்க்கும். கல்யாணமான முதல் மாதத்திலேயே மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தால் அன்றைக்கு இவன் எங்கிருந்தோ விழப் போகிறான். கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. வலி மாத்திரைகளின் பெயர் அவளுக்கு அத்துப்படி. அதனாலேயே அவன் தன் மாத்திரைகளை நான்கு தெரு தள்ளி வேறு கடையில் வாங்கினான்.

மாத்திரையை மறைத்தது சின்ன விஷயம். அவன் அவளிடம் மறைத்த பெரிய விஷயம் ஒன்று உண்டு. அது அவளுடைய தம்பியைப் பற்றியது.

சின்னவன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனை இந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்ததே பூனைதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பகல் வேளையில், இரண்டு மாடி உயரச் சுவரிலிருந்து சின்னவன் விழுந்தான். பெட்டிக் குவியலின் ஓரத்தில் விழுந்து உருண்டான். விரலைக் காட்டினான். முதலில் கை தட்டியது பூனை. அப்புறம் சின்னவன் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, "தலை வலிக்குது மாமா" என்றான். தண்ணீர் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க" என்றான்.

"விரல் காட்டிட்டு இப்ப என்னடா செல்லம் கொஞ்சுற? இந்த ஷாட் முடியட்டும்" என்றான் பூனை.

ஷாட் முடிய அரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்து பார்த்தபோது சின்னவன் சுவரில் சாய்ந்தபடியே இருந்தான். காதிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு ரத்தம். தொட்டால் சூடு இருந்தது, ஆள் இல்லை.

மனைவியிடம் பூனை சொன்னது வேறு. விழுந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது, அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று சொன்னான். அவளை ஆற்றுவதற்காகச் சொன்னான் என்று வைத்துக்கொள்ளலாம். பாதி அதற்காக, மீதி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. பாவம், அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தம்பி பேச்சு வரும்போதெல்லாம், "ஒரு நொடிகூட வலி இல்லாமப் போயிட்டான், அந்த மட்டுக்கும் நிம்மதி" என்பாள். அவள் அப்படிச் சொல்ல ஆரம்பித்ததும் பூனைக்கு வெளியில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவனுடைய வலது கை மரத்துப்போகத் தொடங்கியது. காபி டம்ளர் தானாக நழுவியது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பொழுது விடிந்து பொழுது போனது. யாருக்கும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் போனான். அவர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எது என்று கேட்டார். பூனை கள்ளத்தனமாக இமை இடுக்கில் பார்த்துச் சரியாகச் சொன்னான். டாக்டரை ஏமாற்றலாம், ஸ்கேன் படத்தை ஏமாற்ற முடியுமா?

"கழுத்தெலும்பு நரம்பை அழுத்துது. இன்னொரு தடவை கழுத்துல அதிர்ச்சி பட்டா, கழுத்துக்குக் கீழ எதுவுமே வேலை செய்யாது. உங்க தொழில் என்ன?" என்று கேட்டார் அவர்.

"லோடு ஏத்தி இறக்குறதுங்க" என்றான் பூனை. வீட்டில் சுளுக்கு என்று சொன்னான். மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். அவள் தேய்ப்பது அவனுக்குத் தெரியவில்லை, தைலத்தின் வாடைதான் தெரிந்தது.

அதற்கப்புறம் வந்த வேலை, மூன்றாவது மாடியிலிருந்து விழுவது. சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. ஆனால் இருபத்தாறு வருடமாகச் சொல்லிப் பழகாத வார்த்தை அவ்வளவு லேசில் வாயில் வருமா? வேலை நாளன்று காலைத் தட்டைத் தொடாமல் எழுந்தான். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டி முடிக்காத கட்டடம் அது. படிக்கட்டில் கைப்பிடி இல்லை. கீழே பெட்டிகளை அவனே அடுக்கினான். காற்று வெளியேற மூலைகளைக் கிழித்து, ஐந்து அடுக்காக வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, மேலே மெத்தையும் தார்ப்பாயும் போட்டான். கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினான். அதை யாரும் கவனிக்கவில்லை. ஹீரோவின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு மேலே ஏறினான். விளிம்பில் முதுகைக் காட்டி நின்றான்.

கீழேயிருந்து மாஸ்டரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "பூனை, ரெடியா?"

அவன் வலது கையைத் தூக்கிக் கட்டை விரலைக் காட்டினான்.

"பூனை ரெடி. மூணு எண்ணுறேன்."

எதற்கோ அவன் தன் கையைத் திரும்பிப் பார்த்தான். வெறும் முஷ்டிதான் மேலே இருந்தது. கட்டை விரல் உள்ளே மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டதாகத்தான் அவன் நினைத்திருந்தான். கீழே இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. பூனை கையைத் தூக்கினால் விரல் இருக்கும், அவ்வளவுதான் அவர்களுக்கு. சின்னவன் கையையும் நாம் அப்படித்தானே பார்த்தோம் என்று அவனுக்கு அப்போது உறைத்தது.

மூன்று எண்ணி முடித்தும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். மாஸ்டர் மறுபடி எண்ணினார். அப்புறம், "என்னடா ஆச்சு?" என்றார்.

"முடியல மாஸ்டர்."

கீழே யாரும் திட்டவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கேமராக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், மாஸ்டர் வேறொரு ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். பூனை படியிறங்கி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில், அவனுக்குப் பதிலாக விழப் போகிற நெட்டை எதிரே ஏறி வந்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அதே நீலச் சட்டையில் மாற்றுக்கு வைத்திருந்ததைப் போட்டிருந்தான். கை நீளம் போதாமல் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"என்னாச்சுண்ணே? பெட்டி சரியில்லையா?"

"பெட்டி சரியாத்தான் இருக்கு. என் கழுத்துதான் சரியில்ல."

நெட்டை ஒரு படி ஏறிவிட்டு நின்றான். "பயமா இருக்குண்ணே."

"எனக்கும்தான். தாடையை நெஞ்சோட ஒட்டி வச்சுக்க."

நெட்டை நன்றாகத்தான் விழுந்தான். பெட்டிகள் அமுங்கின, புழுதி எழுந்தது, ஒரு கை மேலே வந்தது. விரல் நிமிர்ந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பூனை தட்டவில்லை. ஓடிப்போய்ப் பெட்டிகளுக்குள் இறங்கி நெட்டையின் தலையை இரண்டு முழங்கைக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"எந்திரிக்காத. உன் பொண்ணு எத்தனாவது படிக்குது? சொல்லு. இன்னைக்கு என்ன கிழமை?"

"அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல. விடுங்க. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். தலை வலிக்குதா? தண்ணி வேணுமா?"

மாஸ்டர் வந்து நின்றார். "அதான் விரல் காட்டிட்டான்ல. எந்திரிடா பூனை, மானத்தை வாங்காத."

"சின்னவனும் காட்டினான் மாஸ்டர். காட்டிட்டு அரை மணி நேரம் உயிரோட இருந்தான். தண்ணி கேட்டான், அவங்க அக்காவைக் கேட்டான். நான் எட்டிக்கூடப் பாக்கல."

சின்னவன் விழுந்த அன்றைக்கும் கூட இருந்த பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நெட்டை தன்னை விடுவித்துக்கொண்டு எழுந்து, குதித்துக் காட்டி, கையைக் காலை உதறிக் காட்டினான். அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் ஆகவில்லை. சிலர் சிரித்தார்கள். மாஸ்டர் பூனையின் தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டிவந்தார். "வீட்டுக்குப் போ. வேணும்னா கூப்பிடுறேன்" என்றார். அந்தத் தொழிலில் அப்படிச் சொல்லப்பட்ட எவனையும் அப்புறம் யாரும் கூப்பிட்டதில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நாற்பது பேர் காதில் விழுந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் மனைவிக்கு வந்து சேர்ந்துவிடும். வேறொருவர் வாயால் அவள் அதைக் கேட்கக்கூடாது. மூன்றாவது மாடியில் நின்றபோது இருந்ததைவிட இப்போது அதிகம் பயமாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் பசித்தது. வெட்கங்கெட்ட பசி. காலையில் அவள் எடுத்து மூடி வைத்த தட்டைத் தேடி எடுத்து, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட உட்கார்ந்தான்.

மூன்றரை மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவனையும் தட்டையும் பார்த்தாள்.

"இன்னைக்கு விழலையா?"

"இல்ல. உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். சுவர், விரல், கைதட்டல், தலைவலி, தண்ணீர், போன், செல்லம் கொஞ்சுகிறாய் என்று தான் சொன்னது, எதையும் விடவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் தோளிலிருந்து பையை இறக்கி மேசையில் வைத்தாள்.

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான்."

"எப்படிக் கேட்டான்? அவன் சொன்னது மாதிரியே சொல்லுங்க."

"அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்கன்னான்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அன்னைக்குக் கடையில கூட்டமே இல்ல. நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். போனைக் கையில வச்சுக்கிட்டு ஏதோ விளையாட்டு விளையாடிட்டு இருந்தேன்."

மன்னிச்சிடு என்று ஆரம்பித்தான், அவள் கை காட்டி நிறுத்தினாள். தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவனுடைய வலது கை மேசைமேல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"ஏன் இடது கையால சாப்பிடுறீங்க?"

டாக்டரம்மா சொன்னதையும் சொன்னான். கண்ணை மூடச் சொன்னதையும், தான் திருட்டுத்தனமாகப் பார்த்ததையும்கூடச் சொன்னான். இனி மறைக்க வீட்டில் ஒன்றும் பாக்கி இல்லை.

"கண்ணை மூடுங்க" என்றாள்.

மூடினான். இந்தத் தடவை இறுக்கமாக மூடினான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு பக்கத்தில் வந்தது, மருந்துக் கடை வாடையோடு.

"இப்ப எந்த விரல்?"

அவன் தேடினான். தோள்வரை போய்த் தேடினான். அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

"தெரியல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நிஜமாவே தெரியலம்மா. தொட்டியா?"

கண்ணைத் திறந்தான். அவனுடைய கட்டை விரலை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுடைய நகம் விரலின் சதைக்குள் இறங்கியிருந்தது. ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்து, மேசைத் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.