கிரின்ஸ்டெட்டிலிருந்து கஸ்ட்ரூப்புக்கு, ஒரு பை தவிட்டோடு

கிரின்ஸ்டெட்டிலிருந்து கொப்பன்ஹேகனுக்குக் காரில் போவதைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இப்போது அது எழுதுகிற அளவுக்கு ஒரு பயணமே இல்லை. மூன்று மணித்தியாலம், இடையில் ஒரு கோப்பி, முடிந்தது. ஆகவே 1986 ஒக்டோபரில் நான் போன பயணத்தை எழுதுகிறேன். அப்போது இந்தப் பெரிய பாலம் கிடையாது. காரைக் கப்பலில் ஏற்றித்தான் கடல் தாண்டவேண்டும். அன்று நாங்கள் போனது விமான நிலையத்துக்கு, ஒரு பிள்ளையைக் கூட்டிவர.

பிள்ளை என்னுடையதல்ல, கேரனுடையது. தொழிற்சாலையில் கேரன் எனக்குப் பக்கத்து மேசை. நான் டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத காலம் அது. எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவளும், பல்லுக்கொதியில் துடித்தபோது வேலையை விட்டுவிட்டு டொக்டரிடம் கொண்டுபோனவளும் அவள்தான். அவளுக்கும் கணவன் நீல்ஸுக்கும் பிள்ளை இல்லை. கொரியாவிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் பதிந்துவிட்டு மூன்றாவது வருடமாகக் காத்திருந்தார்கள். தொட்டில் வாங்கி, அறைக்கு மஞ்சள் வர்ணமும் அடித்தாயிற்று. இரண்டு தடவை பிள்ளை வருகிறது என்று அறிவித்து, இரண்டு தடவையும் தள்ளிப்போனது.

கேரன் வீட்டார் கைகூப்பாமல் சாப்பாட்டில் கரண்டி வைக்காத ஆட்கள். ஆனால் அவள் செபிக்கும் விதம் எனக்குப் பிடிபடவே இல்லை. "நான் ஒருக்காக் கேட்டிட்டன், செலின். அவருக்குக் காது கேக்கும்" என்பாள். (அவள் பேசியதெல்லாம் டெனிஷ். என் காதில் விழுந்த மாதிரி, எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.) நானோ அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவள். எங்கள் மடுக் கோயில் மாதாவை ஒருநாளும் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. பிள்ளை இரண்டாம் தடவை தள்ளிப்போன அன்று, கேரன் என் முகத்தைப் பார்க்காமல், "நீயும் உன்ரை மாதாவிட்டைக் கேட்டுப் பாரன்" என்றாள்.

கேட்கத்தான் சொன்னாள். நான் நேர்த்தியே வைத்துவிட்டேன்.

என்ன நேர்த்தி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தவமிருந்து பெற்ற பிள்ளையைக் கோயிலில் கிடத்தி, இது இனி உன் பிள்ளை என்று கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு பிடி தவிடு வைத்து அதே பிள்ளையைத் திரும்ப வாங்குவார்கள். அதன்பின் அது மாதாவின் பிள்ளை, வளர்ப்பது மட்டும்தான் நாங்கள். தீங்கு எதுவும் கிட்ட வராது. குழப்படி செய்கிற பிள்ளையைப் பார்த்து "உன்னைத் தவிட்டுக்கெல்லோ வாங்கினது" என்று பகிடி பண்ணுவோமே, அதே தவிடுதான். கேரனின் பிள்ளை வந்தால், வீட்டுப்படி ஏறுமுன் மாதாவுக்குக் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்குவோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில், எனக்குத் தெரிந்த றீற்றா அக்கா வீட்டில் மன்னாரிலிருந்து கொண்டுவந்த மாதா சுரூபம் ஒன்று இருந்தது. எல்லாம் கணக்காகத் திட்டமிட்டேன், கேரனிடம் சொல்வதைத் தவிர. சில கிழமைகளில் பிள்ளை வருகிற நாள் உறுதியாகிவிட்டது. துணைக்கு வா என்று கேரன் கூப்பிட்டாள்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நீல்ஸ் காரோட்டினார். பின் ஆசனத்தில் நானும், இரவல் வாங்கிய குழந்தைக் கூடையும், ஒரு பை தவிடும். தவிடு கடையிலேயே கிடைக்கும், இங்கே காலைச் சாப்பாட்டுக்குத் தயிரில் போட்டுச் சாப்பிடுவார்கள். ஐந்து குரோன் சில்லறை கொடுத்த ஞாபகம். வைல என்ற ஊர்வரை ஒரே பனிமூட்டம். அதன்பின் சின்னப் பாலத்தைத் தாண்டி ஃபூன் தீவின் குறுக்கே ஓடினோம். ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீற்றர் ஓடிக் கப்பல்துறைக்கு வந்தபோது எட்டு மணி இருக்கும். வழி முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று செபமாலையை உருட்டியபடி இருந்தேன்.

கப்பலில் காரை விட்டுவிட்டு மேலே போகவேண்டும். கடல் தாண்ட ஒரு மணித்தியாலம். கட்டணத்தை நீல்ஸ் கொடுத்தார், எவ்வளவு என்று கேட்டும் சொல்லவில்லை. கோப்பி ஏழு குரோன், வாயில் வைக்க முடியாது. அவர் கோப்பி எடுக்கப் போன நேரம் கேரன் என் பையைப் பார்த்தாள்.

"இதென்ன தவிடு? வயிறு சரியில்லையோ?"

இதைவிட நல்ல தருணம் வராது என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் டெனிஷ் அப்போது ஒரு காலால் நொண்டும். கொடுப்பதற்கு என் வாயில் வந்தது 'விற்பது' என்ற சொல்தான். விற்று, வாங்குவது. கேரனின் முகம் வெளுத்தது.

"கடையிலை, செபத்துக்குக் கூடுற மிஷன் வீட்டிலை, எங்கை போனாலும் என்ன கேக்கினம் தெரியுமோ? எவ்வளவு குடுத்து வாங்கிறியள் எண்டு. இப்ப நீயுமோ?"

விற்பதல்ல, கொடுப்பது என்று நான் திருத்தினேன். அது இன்னும் மோசமாகப் போனது.

"இவளை ஒருத்தி ஏற்கெனவே குடுத்திட்டாள், செலின். இன்னொருக்கா ஒருத்தரும் குடுக்கப்படாது. ஒரு நிமிசத்துக்கும் விடமாட்டன்."

அவள் சொன்னது நியாயம். ஆனால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு? நிறைவேற்றாத நேர்த்தி பிள்ளையைத்தான் பிடிக்கும் என்பது எங்கள் வீட்டில் ஐயமில்லாத விஷயம். கடவுளே, கேட்டதோடு நிறுத்தியிருக்கலாமே என்று இருந்தது. கப்பலால் இறங்கி கஸ்ட்ரூப் விமான நிலையம்வரை நூற்றிச் சொச்சம் கிலோமீற்றர். தவிட்டுப் பையை நான் காலுக்கடியில் தள்ளி வைத்தேன்.

விமானம் ஒரு மணிக்கு வரவேண்டியது. முதலில் ஒரு மணித்தியாலம் தாமதம் என்று பலகையில் போட்டார்கள், பிறகு நேரத்தையே எடுத்துவிட்டார்கள். நீல்ஸ் கார்த் திறப்பைக் கையில் வைத்துக் கிலுக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கும் கதிரைக்குமாக நடந்தார். கேரன் பால் போத்தலைத் துவாயில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். மூன்று மணிக்குப் பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"செலின், ரெண்டாம் தரம் கேட்டால் நம்பிக்கை இல்லையெண்டு ஆகுமோ?"

"நான் காலமை தொடக்கம் எத்தினை தரம் கேட்டிட்டன். அவர் கோவிச்சால் முதல் என்னைத்தான் கோவிக்கோணும்."

அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. அந்த மனுசி இரண்டாம் தரம் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலு மணிக்குச் சற்று முன் விமானம் இறங்கியது. கொரியாவிலிருந்து கூட்டிவந்தவள் பிள்ளையை நெஞ்சில் கட்டியிருந்தாள். பத்து மாதப் பெண், தலை நிறைய நேரான கறுத்த மயிர். கேரனின் கைக்கு மாறிய உடனே வீரிட்டு அழத் தொடங்கியது. பால் வேண்டாம், கிலுக்கி வேண்டாம். ஊரில் இருந்து கொண்டுவந்த ஆராரோவை நானும் பாடிப் பார்த்தேன், சத்தம் இன்னும் கூடியது. லினே என்று பெயர் வைத்திருந்தார்கள். காரில் ஏறியபின் அந்த அழுகைக்கு நடுவில் கேரன் சொன்னாள்:

"நீல்ஸ், முதல் அல்பர்ட்ஸ்லுண்டுக்கு விடு. செலின் வாக்குக் குடுத்திட்டாள். ஆனா பிள்ளையைக் கையாலை விடமாட்டன்."

இருபது கிலோமீற்றர்தான், வேலை விடுகிற நேரமாகையால் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. றீற்றா அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. வாசலிலேயே நடந்ததை அவரிடம் தமிழில் கொட்டினேன். சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது, ஒரு தட்டமும் வைத்திருந்தார். கேரன் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். றீற்றா அக்கா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இவ சொல்லுறது சரிதானே. குடுக்கிறது அங்கை நடந்து முடிஞ்சுது. பெத்தவள் அழுதழுதுதான் குடுத்திருப்பாள். இவ வாங்கிறதை மட்டும் செய்யட்டும். மாதாவுக்குத் தெரியாத கணக்கே?"

நான் அதை என் நொண்டி டெனிஷில் சொன்னேன். கேரன் பிள்ளையை இடுப்புக்கு மாற்றி, பைக்குள் கைவிட்டு ஒரு பிடி தவிடு அள்ளித் தட்டத்தில் போட்டாள். முடிந்தது என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவள் திரும்பவும் பைக்குள் கைவிட்டாள்.

"இது அங்கை குடுத்தவளுக்கு" என்று இரண்டாவது பிடியையும் போட்டாள்.

லினே எட்டிக் கேரனின் கைவிரலைப் பிடித்து, ஒட்டியிருந்த தவிட்டை வாயில் வைத்தது. ஒரு கணம் அழுகை நின்றது. பிடிக்கவில்லை போலும், துப்பிவிட்டு மறுபடி தொடங்கியது. நீல்ஸ் சிரித்தார். அன்று முதல் தடவையாக நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஊர் திரும்பும் கப்பல்வரை லினே விட்டுவிட்டு அழுதது, அதற்கு யாரும் பயப்படவில்லை.

லினேக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்ற தாயைத் தேடிக் கொரியாவுக்கு ஒருமுறை போனாள், கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாவது பிடியின் கதையைக் கேரன் அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். இப்போதும் லினே என்னைக் கண்டால் "தவிட்டுக்கு வாங்கினது வந்திருக்குது" என்று தமிழில் சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள்.

போகிறவர்களுக்கு: கப்பல் இல்லை, பதினெட்டுக் கிலோமீற்றர்ப் பாலம் இருக்கிறது, கட்டணம் மாறும், புறப்படுமுன் பாருங்கள். காற்று பலமென்றால் பாலத்தில் மெதுவாகப் போங்கள். பின்னேரத்தில் அல்பர்ட்ஸ்லுண்ட் பக்கம் போவதைத் தவிருங்கள். விமான நிலையத்துக்குச் சொந்தக் கோப்பி கொண்டுபோங்கள். பிள்ளையைக் கூட்டிவரப் போகிறவர்களென்றால் இரண்டு போத்தல் பால். நேர்த்தி வைப்பதானால் தாயைக் கேட்டுவிட்டு வையுங்கள். தவிடு எடுக்கும்போது இரண்டு பிடிக்குக் குறையாமல் எடுங்கள்.