இருபத்தாறாவது வெள்ளி

தௌனோ மொய்லனென் எங்கள் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வந்தது சமையல் தெரிந்ததால் அல்ல. வேலை இல்லாமல் இருந்தார், அதுதான் அவருடைய தகுதி. சமையல்காரி துவோவி ஆறு மாதம் மாற்று விடுப்பு கேட்டிருந்தாள். இருபது வருஷம் உழைத்தவர்கள் கொஞ்ச காலம் வீட்டில் ஓய்வெடுக்கலாம், அரசாங்கம் ஒரு படி கொடுக்கும். பதிலுக்கு அந்த இடத்தில் வேலையில்லாத ஒருவரை வைக்க வேண்டும். அப்போது அப்படி ஒரு சட்டம் இருந்தது. நல்ல சட்டம், அதனால்தானோ என்னவோ பிறகு எடுத்துவிட்டார்கள்.

நான் மார்கெத்தா. அங்கே பாத்திரம் கழுவுகிறவள், தொழிற்சங்கப் பிரதிநிதியும் நான்தான். மேலாளருக்கு என்னைக் கண்டால் ஆகாது, எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. அவர் விடுப்புத் தாளில் செப்டம்பர் ஒன்று என்று எழுதியிருந்தார். அது வியாழக்கிழமை. நான் அதை அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதச் சொன்னேன்.

"நாலு நாள்ல என்ன வந்துடப் போகுது மார்கெத்தா?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் வராது. தௌனோவுக்கு ஒரு வாரம் போயிடும்."

விடுப்பு நூற்றெண்பது நாள். திங்களில் தொடங்கினால் இருபத்தாறாவது வெள்ளியில் முடியும். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரமாவது வேலை செய்தால்தான் அதை வாரமாகவே எடுத்துக்கொள்வார்கள். வியாழனில் தொடங்கினால் தலையிலும் வாலிலும் வெட்டுப்பட்டு இருபத்தைந்துதான் தேறும். இருபத்தாறு வாரம் இருந்தால் வேலையின்மைப் படி பழைய சம்பளத்தை ஒட்டி மறுபடி கிடைக்கும். இருபத்தைந்து இருந்தால் அடிமட்ட உதவித்தொகை. அதை வைத்துக்கொண்டு ஒன்று வீட்டைச் சூடாக வைக்கலாம், இல்லை காரை ஓட்டலாம். தௌனோ இருக்கிற ஊருக்குப் பேருந்து கிடையாது.

காகித ஆலையில் இருபத்தெட்டு வருஷம் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். ஆலை மூடியபின் ஒன்பது வருஷம் பனி தள்ளினார், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினார், படகுத்துறைக்குப் பலகை அடித்தார். எதுவும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. மனைவி பிரிந்து போய்விட்டாள், மகள் சுவீடனில். இதையெல்லாம் அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம்.

சூப் அண்டாவையும் ஆலை எந்திரம் போலவே நடத்தினார். மணிக்கு ஒரு தடவை எத்தனை டிகிரி என்று சுவரில் ஒட்டிய தாளில் எழுதினார். நான் சிரித்தேன். ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட எங்கள் அண்டா அடிப்பிடிக்கவில்லை.

வியாழன் என்றால் பட்டாணி சூப், பிறகு பாலில் மாவு கரைத்துச் சுட்ட அடையும் ஜாமும். எங்கள் நாட்டில் இதை யாரும் மாற்ற மாட்டார்கள். தௌனோவும் மாற்றவில்லை, கடுகு விழுதைத் தட்டின் ஓரத்தில் வைப்பதற்குப் பதிலாக அண்டாவிலேயே கரைத்துவிட்டார், அவ்வளவுதான். பட்டாளத்தில் கற்ற பழக்கமாம். அன்று கிழவர்கள் இரண்டாவது தட்டு கேட்டார்கள்.

என் வாய் சும்மா இருந்ததா? அதையெல்லாம் ஒன்றுவிடாமல் துவோவியிடம் போனில் சொன்னேன்.

"அண்டாவுலயா? கடுகையா?" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

துவோவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோள்வலி என்றுதான் விடுப்பு எடுத்தாள். தோள் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. அப்புறம் அலமாரி துடைத்தாள், துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தாள். தனியாக இருக்கிறவள். ஜனவரி கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் மேலாளரிடம் போய் "எனக்கு விடுப்பு போதும், அடுத்த திங்கள் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் பாதியில் திரும்பலாம். மேலாளர் அன்றே தாளைத் தயார் செய்துவிட்டார். கையெழுத்து வெள்ளிக்கிழமை.

அவள் வந்தால் தௌனோ போக வேண்டியதுதான். அந்த வாரம் அவருக்கு இருபத்திரண்டாவது வாரம்.

காபி நேரத்தில் அவரைப் பிடித்தேன். "துவோவிக்கு உங்க வாரக் கணக்கு தெரியாது. நான் சொல்றேன்."

"வேணாம்."

"நாலே வாரம்தான் தௌனோ!"

"அவங்க சமையக்கட்டு. என் கஷ்டத்தச் சொல்லி அவங்கள வீட்டுல உக்கார வைக்காதீங்க." நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். "சொல்ல மாட்டேன்னு கை கொடுங்க."

கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் கை கொடுத்தால் கொடுத்ததுதான், பத்திரமெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் துவோவி வாசலில் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். புதுத் தலைத்துணி கட்டியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆனாலும் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை இப்பச் சொல்றியே, உனக்கு அறிவிருக்கா? சங்கத்துல உன்னைய எதுக்கு வச்சிருக்காங்க?"

"சொல்ல மாட்டேன்னு கை கொடுத்திருந்தேன்."

"கை கொடுத்துட்டுச் சொல்ற! அதுவும் என்கிட்ட!"

அவள் கண் கலங்கியது கோபத்திலா, இன்னும் நாலு வாரம் அந்த வீட்டில் கிடக்க வேண்டுமே என்றா, எனக்குத் தெரியாது. மேலாளர் அறைக்குப் போனாள், இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தாள். போகிற வழியில் சமையலறைக் கதவைத் திறந்து தௌனோவைப் பார்த்தாள்.

"நான் வரல. தோள் இன்னும் வலிக்குது," என்றாள். "உங்க சூப்புல உப்புக் கம்மியாம், ஊரெல்லாம் பேச்சு."

யாரும் அப்படிப் பேசவில்லை. தௌனோ அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அண்டா பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாலு வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. முன்பு பேசிய பத்து வார்த்தையும் நின்றது. தட்டுகளை நீட்டுவார், வாங்குவேன். காபியை நின்றபடியே குடிப்பார், நான் உட்கார்ந்திருக்கிற மேஜைக்கு வர மாட்டார். எனக்கு வலித்தது. ஆண்களின் மானம் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று திட்டினேன், அப்புறம் அழுதேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் நான் காப்பாற்றவில்லை.

மார்ச் மூன்றாம் தேதி, இருபத்தாறாவது வெள்ளி. அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அங்கியை மடித்து வைத்தார். துவோவி சாவி வாங்க வந்திருந்தாள், அவளுக்குக் கை கொடுத்தார். கிழவர்களுக்கு ஒவ்வொருவராகக் கொடுத்தார். மேலாளருக்குக்கூடக் கொடுத்தார். வேலைச் சான்றிதழை நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கி, விரலை வைத்து வாரங்களை எண்ணிப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என் கை நீண்டபடியே இருந்தது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"உன்மேல கோவமாத்தான் இருப்பாரு," என்றாள் துவோவி.

இருக்கட்டும். கோபப்பட்டுக்கொண்டு உட்கார அவருக்குச் சூடான ஒரு வீடு இருக்கிறது.