பெரிய திரையில் மாமி

அந்தப் போன் என் கைக்கு வந்தபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரான்சில் இருக்கும் கணவரின் அக்கா, என் மச்சாள், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பிள்ளையின் முகத்தை வடிவாகப் பார்க்க வேண்டும் என்று கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கினாராம். ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதில் எழுத முடியாது. வீட்டில் போடும் சட்டையின் பைக்குள் பாதிதான் போகும். குனிந்து முற்றம் கூட்டினால் வழுக்கி விழும். இரண்டு தரம் விழுந்து கீழ் மூலை வெடித்த பிறகு, என் சட்டைகள் எல்லாவற்றுக்கும் ஆழமான பை தைத்துப் போட்டேன்.

இப்போது மூன்றாவது வருடம். மத்தியானத்துக்குள் சார்ஜ் பாதியாகிவிடும். மகளின் படங்களால் நிறைந்து, இடமில்லை என்று அடிக்கடி முறைப்பாடு செய்யும். ஆனாலும் பின்னேரம் நான்கு மணிக்கு மட்டும் அது தவறியதில்லை. அது மச்சாளின் மதியச் சாப்பாட்டு நேரம். மகளை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைப்பேன். மச்சாள் அங்கே வாயைத் திறப்பார். மகள் இங்கே சோற்றை எடுத்துத் திரையில் அப்புவாள். “மாமி, ஆ” என்பதுதான் அவளுக்குத் தெரிந்த முழுக் கதை. சோற்றுக்குப் பிறகு திரையைத் துடைப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது கிளினிக்கில் மருத்துவமாது மிஸ் அவளுடைய வளர்ச்சிக் கொப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இரண்டு வயசுக்குள்ள ரெண்டு சொல்லைச் சேர்த்துக் கதைக்க வேணும். போன் குடுக்கிறனீங்களோ?”

“இடைக்கிடை” என்றேன்.

அது பொய். நான்கு மணி அழைப்பைத் தவிர, காலையிலும் குசினியில் நிற்கும்போது பாட்டுப் படம் போட்டுக் கொடுத்துவிடுவேன். அடுப்பு, சுடுதண்ணீர், கிணறு என்று ஓடித் திரியும் பிள்ளையை வேறு எப்படி ஓரிடத்தில் இருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதே போனில் அவளுடைய சொற்களை எழுதிவைக்கத் தொடங்கினேன். அம்மா, அப்பா, மாமி, ஆ, சின்னன், மாடு. மாதங்கள் போக, பட்டியல் நீண்டது. ஆனால் எந்தச் சொல்லும் இன்னொன்றோடு சேரவில்லை. இரண்டு வயதுக்கு மூன்று கிழமை இருக்கும்போது எனக்கு நித்திரை கெட்டுவிட்டது. உயர்தர வகுப்பு வரை படித்தவள், பிள்ளையின் வாயை நானே கட்டிவிட்டேனோ என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை போனை நிறுத்தி, துவாயில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தேன். மச்சாளிடம் சொல்லவில்லை. அவர் வாங்கித் தந்த போனால்தான் பிள்ளை பேசவில்லை என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று விட்டேன். நெல் வெட்டு நேரம். கணவர் விடிய வட்டக்கச்சி வயலுக்குப் போய் இருட்டித்தான் திரும்புவார். அவருடைய பட்டன் போன் வெட்டு மெசினின் இரைச்சலில் அவருக்கே கேட்பதில்லை; வந்த களைப்பில் அதை எடுத்துப் பார்ப்பதுமில்லை.

நான்கு மணியாகியதும் மகள் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். காத்திருந்தாள். பிறகு சாப்பிடாமலே எழுந்து போனாள். அன்றும் மறுநாளும் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

ஞாயிறு பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா தன் போனை நீட்டியபடி படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். “தங்கச்சி, உங்கட மச்சாள். அழுறா.”

சிறிய போன். அதற்குள் மச்சாளின் முகம், கண்கள் வீங்கியிருந்தன. நேற்றிலிருந்து அடித்துக்கொண்டிருந்தாராம். தம்பியும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசியில் யார் யாரிடமோ கேட்டு இந்த நம்பரை எடுத்திருக்கிறார்.

“பிள்ளை, இஞ்சயிருந்து அடிக்கேக்க அங்க போன் ஓய்ஞ்சு கிடந்தா எனக்கு என்ன நினைவு வரும் எண்டு உமக்குத் தெரியாதே?”

தெரியும். சண்டை முடிந்த அந்த வருடத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அவர் பல மாதங்கள் இங்கிருந்த யாருடைய குரலும் கேட்காமல் அங்கே இருந்தவர். அது எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றைக்கும் விளங்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னே, மகள் என் இடுப்பிலிருந்து எட்டிப்பார்த்தாள். திரையை விரலால் தொட்டாள். முகத்தைச் சுருக்கினாள்.

“மாமி சின்னன்” என்றாள்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் சிரித்தார். மச்சாள் அழுகையோடு சிரித்தார். நான் மகளைத் திரும்பச் சொல்லச் சொன்னேன், அவள் சொல்லவில்லை. அதற்குள் இறங்கி உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்திருந்தாள். அன்று மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பாட்டுப் படத்தை நிப்பாட்டும், என்னை நிப்பாட்டாதையும் என்றார்.

இரண்டு வயதுக் கிளினிக்கில் மகள் வாயே திறக்கவில்லை. நான்தான் அந்த இரண்டு சொல்லையும் சொன்னேன். தொடர்ந்து, போன முறை நான் சொன்னது சரியில்லை என்றும், தினமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் படம் பார்த்தவள், இப்போது நிறுத்திவிட்டேன் என்றும் சொன்னேன்.

மிஸ் கொப்பியில் சரி போட்டார். “எல்லா அம்மாமாரும் இடைக்கிடை எண்டுதான் சொல்லுறவை” என்றார் நிமிராமலே. “நீங்கள்தான் திரும்பி வந்து திருத்தினது.”

வீட்டுக்கு வந்தபோது நான்கு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சார்ஜ் குறைந்திருந்ததால் போனை யன்னலோரம் செருகிவிட்டு, ஈரத் துணியால் திரையின் மஞ்சள் கறையைத் துடைத்தேன். மகள் செம்போடு வந்து நின்றாள்.