எட்டுக் கதவுக்கு ஒரே நெம்புகோல்

அப்போது நான் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். ஆம்பூர் சாலையில் கட்டிக்கொண்டிருந்த சிறிய சிறையில் எட்டு அறைகள். எட்டுக் கதவுகளையும் அவற்றின் தாழ்ப்பாள்களையும் அறுபதடி இரும்புக் கம்பி ஒன்று இணைத்தது. வராந்தாக் கோடியில் நெம்புகோலை இழுத்தால் எட்டுக் கதவும் ஒன்றாகச் சாத்தித் தாழ் விழும். ஒரே காவலாளி போதும் என்பதில் எங்கள் எஞ்சினியருக்குப் பெருமை. வரைபடத்தை முதலில் பார்த்த நாளிலிருந்தே கம்பி சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆனாலும் சொன்னபடியே கட்டினேன்.

மே மாதம். மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. பகல் இரண்டு மணிக்கு நான்காம் அறையில் பூச்சு காய்ந்ததா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் அறையில் ஒரு சித்தாள் பெண் தரை தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்குழந்தை வெளியே வேப்பமரத் தூளியில். நாங்கள் உள்ளே இருப்பது தெரியாமல், கம்பி பொருத்திய மேல்விஷாரத்துக் கொல்லர் பாய் நெம்புகோலை இழுத்துப் பார்த்துவிட்டார்.

டமார் என்று எட்டுக் கதவும் மூடின.

"பாய், தொறங்க!" என்று கத்தினேன்.

"அய்யோ, உள்ள கீறீங்களா? இருங்க சார்." அவர் முக்குகிற சத்தம் கேட்டது. "இன்னா பேஜாரு இது, அசையமாட்டேங்குதே!"

காலையில் வழுக்கி ஓடிய கம்பி, மேற்கு வெயிலில் நீண்டு வளையங்களில் இறுகிவிட்டது. ஜன்னல் என் தலைக்கு மேலே நான்கடி உயரத்தில். காற்றே இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது. அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. அந்தப் பெண் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"சாமி, புள்ள தூளிலேர்ந்து வுழுந்துடும் சாமி!"

"பயப்படாதம்மா, தொறந்துடுவாங்க," என்றேன். பிறகு வெளியே இருந்தவரிடம் கத்தினேன்:

"பாய், கம்பி மேல தண்ணி ஊத்துங்க!"

சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து டின் டின்னாக மொண்டு ஊற்றினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழந்தையின் அழுகை திடீரென்று நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் கம்பி கிறீச்சிட்டு நகர்ந்தது. அவள் என்னைத் தாண்டி ஓடினாள். குழந்தை அழுது களைத்துத் தூங்கியிருந்தது.

மாலையில் எஞ்சினியரிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன்.

"கம்பியைக் கொஞ்சம் அராவினால் போச்சு," என்றார்.

"தீப்பிடிச்சா, சார்?"

"கல் கட்டடத்தில் எரிய என்ன இருக்கிறது?"

"கோரைப்பாய், கம்பளி, உள்ளே இருக்கிற ஆளு."

அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். அன்றிரவு அதை எழுதி, மறுநாள் மேலதிகாரி வந்ததும் அவரிடமே கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, தானே நான்காம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே வந்ததும் கம்பியை அறுக்க உத்தரவு போட்டார். ஒவ்வொரு கதவுக்கும் தனிப் பூட்டு வந்தது. ஜன்னல்கள் மட்டும் அதே உயரத்தில்தான் நின்றன.

அடுத்த மாதமே என்னைக் காவேரிப்பாக்கம் ஏரிக்கரை வேலைக்கு மாற்றினார்கள். உத்தரவில் எங்கள் எஞ்சினியரின் கையெழுத்து இருந்தது.